மூன்று தடவை கூப்பிட்ட குரல்

நடுப்பகல் தூக்கத்தில் வீடு மொத்தமும் அடங்கிக் கிடந்த வேளையில் எசமான் செரானஸின் குரல் கேட்டது. உடனே அடுக்களைப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "டாமா ஆரம்பிச்சிட்டான்டா" என்றது ஒரு குரல். "சும்மா படு, வெயில் கொல்லுது" என்றது இன்னொன்று. முற்றத்துத் தூணோரம் பாயில் கிடந்த டாமாவுக்குச் சிரிப்பும் கேட்டது, பேச்சும் கேட்டது. ஆனால் அவன் வாயைத் திறக்கவே இல்லை.

டாமாவின் பிழைப்பே குரல்தான். ஏழு வருடத்துக்கு முன் சிரியாவிலிருந்து ரோமுக்கு வந்த கப்பலில் அவனை வாங்கிய செரானஸ், விருந்துக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைக்கவென்றே வைத்திருந்தார். ஆடு கத்தும், ஏலக்காரன் கூவுவான், செனட்டர் மனைவி தும்முவாள், எல்லாம் அந்த ஒரு தொண்டையிலிருந்து. கடைசியில் எசமானையே பேசிக் காட்டுவான். பேசுமுன் செரானஸ் தொண்டையைச் செருமும் அந்தச் சின்ன "க்ஹம்" வந்ததுமே விருந்தாளிகள் திராட்சை மதுவைச் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள். செரானஸும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒரு அத்திப்பழத்தை அவன் மேல் எறிவார், நாய்க்கு எறிகிற மாதிரி.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் படுக்கப் போகுமுன் செரானஸ் கட்டிலில் கிடந்தபடியே இருபது அடிமைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அடுக்களையோ, கிணற்றடியோ, வாசல் கதவோ, எங்கே இருந்தாலும் "இருக்கேன் ஐயா" என்று கத்த வேண்டும். கத்தாதவன் சாராயக்கடைக்கு நழுவிவிட்டான் என்று அர்த்தம். அவன் முதுகு அன்று சாயங்காலம் பதில் சொல்லும். எல்லாப் பெயரும் முடிந்து அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் டாமாவின் சேட்டை தொடங்கும். அச்சு அசல் அதே குரலில் "பிலெரோ! தண்ணி!" என்பான். வீட்டு நிர்வாகியான கிழவன் பிலெரோ கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், கட்டிலில் குறட்டையைப் பார்த்துவிட்டுக் கெட்ட வார்த்தையோடு திரும்புவான். நாலைந்து தடவை இப்படி ஓடின பிறகு வீட்டுக்கே புத்தி வந்துவிட்டது. மத்தியானத்தில் எசமான் குரல் கேட்டால் ஒருவரும் அசைவதில்லை.

இரண்டாம் தடவை அந்தக் குரல் கேட்டது. "யாராவது வாங்க." அதில் ஒரு பிசிறு இருந்தது. ஏழு வருடமாக அந்தக் குரலை உரித்து உரித்துப் பழகிய டாமா, அந்தப் பிசிறை அதுவரை கேட்டதே இல்லை. பாதி எழுந்து உட்கார்ந்தான்.

முந்தின நாள் விருந்து நினைவுக்கு வந்தது. அவனோடு குடித்தனம் நடத்துகிற சமையல்காரி ஃபூஸ்கா, ஏழு மாத வயிற்றோடு தட்டை ஏந்தி நின்றாள். செரானஸ் அவள் வயிற்றை விரலால் காட்டி, "இது பால் மறந்ததும் கப்புவா ஊர்ல இருக்கிற என் மருமகளுக்குக் கல்யாணச் சீரா அனுப்பிடறேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். "டாமா, ஆடு!" என்றார் அடுத்து. டாமா ஆடு மாதிரி கத்தினான்.

பாதி எழுந்தவன் மறுபடி படுத்துக்கொண்டான்.

மூன்றாம் தடவை வந்தது வார்த்தை இல்லை, துணிக்கு அடியிலிருந்து வருகிற ஒரு முனகல். டாமா கண்ணை இறுக்கி மூடினான். சொல்லக்கூடாதுதான், ஆனாலும் உண்மை: அந்த ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு வெறுங்காலோடு யாரோ ஓடுகிற சத்தம், பின்வாசல் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம், முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

எழுப்புகிற நேரத்துக்குக் கூஜாவோடு உள்ளே போன பிலெரோ அலறவில்லை. வெளியே வந்து டாமாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அறையில் வழக்கமான வாசனைதான் இருந்தது: ரோஜா எண்ணெய், புளித்த மது, வேர்வையில் ஊறின கம்பளி. சன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகக் கட்டில் மேல் விழுந்திருந்தது. தலையணை தரையில். செரானஸின் வாய் அகலத் திறந்திருந்தது, கீழுதட்டில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. அது ஆடவில்லை.

"கெட்டாவைக் காணோம்" என்றான் பிலெரோ. பல்லக்குத் தூக்குகிற கெட்டா. காலையில்தான் அவன் மனைவியைச் சந்தையில் விற்றிருந்தார்கள். "படுபாவி. அவன் பாட்டுக்குப் போயிட்டான். நம்ம பத்தொன்பது பேரையும் மாட்டிவிட்டுட்டுப் போயிட்டான்."

ரோம் நகரத்தில் சுதந்திரமாகப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம், விலைக்கு வாங்கப்பட்ட எந்தக் குழந்தைக்கும் தெரியும். எசமானை அவர் வீட்டிலேயே அடிமை ஒருவன் கொன்றால், அந்தக் கூரைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்த எல்லா அடிமைக்கும் சாவுதான். குரல் கேட்டும் ஓடி வந்து காப்பாற்றவில்லை என்பது குற்றம்.

"உனக்குக் கேட்டுச்சாடா?" பிலெரோ அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தான். "எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவை. நீதான்னு நெனச்சுப் புரண்டு படுத்தேன். சொல்லு. நீதானே?"

இல்லை என்றால் என்ன ஆகும் என்று டாமா யோசித்தான். ஆமாம் என்றால் எவ்வளவு சுலபம் என்றும் யோசித்தான்.

"நான்தாண்ணே."

பிலெரோ அப்படியே சுவரில் சாய்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது கிழவனுக்கு. "அப்ப அவர் கூப்பிடவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டார். நம்ம மேல பாவமில்லடா." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிர்வாகியாக மாறினான். "காயம் இல்ல, ரத்தம் இல்ல. காய்ச்சல்ல செத்தார்னு சொன்னா நம்பலாம். ஆனா நாம சொன்னா எவன் நம்புவான்? அடிமை வாயில வர்ற வார்த்தைக்குக் கட்டி வெச்சுச் சித்திரவதை செஞ்சாத்தான் மதிப்பு. சுதந்திரமான ஆள் ஒருத்தன் சொல்லணும், நான் கேட்டேன், காய்ச்சல்ல பேசினார்னு. குளியல் மணி அடிச்சதும் பான்சா வருவார்."

பான்சா பக்கத்து வீட்டுக்காரர், நீதிமன்றத்தில் நடுவராக உட்காருகிறவர். தினமும் மணி அடித்ததும் வந்து, செரானஸைக் கூட்டிக்கொண்டு குளியல்கூடத்துக்குப் போவார். ஒரு நாள் தவறினதில்லை.

"திரைக்குப் பின்னால நீ உக்காரு. நாலு வார்த்தை பேசு. அவர் போயிடுவார். ராத்திரி இவர் சாவட்டும்." பிலெரோ பிணத்தைப் பார்க்காமலே சொன்னான். "பத்தொன்பது உயிர்டா. உன் பொண்டாட்டி வயித்துல இருக்கிறதைச் சேர்த்தா இருபது."

வீட்டில் எல்லாரிடமும் ஒரே விஷயம் சொல்லப்பட்டது: டாமா எசமானாகப் பேசப் போகிறான், என்ன பேசினாலும் கூடவே ஒத்துப் போங்கள். பிணத்தின் வாயைக் கட்டுவதற்கு ஃபூஸ்காதான் துணி கொண்டு வந்தாள், பாலாடைக்கட்டி பிழிகிற துணியில் கிழித்த ஒரு பட்டை. தாடையை மேலே தூக்கி, பட்டையைக் கன்னத்தோடு சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

"எனக்கு பயமா இருக்குய்யா."

"நாலு வார்த்தைதான்டி" என்றான் டாமா. அவள் வயிற்றில் கை வைத்தான். உள்ளே ஒரு உதை.

"ஏய், அந்த மூணாவது சத்தம்..." அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "அது நல்லாவே இல்ல. இனிமே அப்படிச் செய்யாத."

அவள் போனாள். திரை விழுந்தது. அறை வாசலில் கனத்த சிவப்புத் திரை, கணுக்கால் வரை தொங்கியது. டாமா கட்டிலின் தலைமாட்டில், தரையில், முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தான். அவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த முகம். வெளியே முற்றத்தில் வெயில் கல்லைக் காய்ச்சுகிற வாசனை, அடுக்களையில் பிலெரோ வேண்டுமென்றே கொளுத்தச் சொன்ன பிரிஞ்சி இலைப் புகை, மீன் சாற்றின் நாற்றம், இவற்றுக்கெல்லாம் அடியில் இனிப்பாக மெல்ல எழும்பிக்கொண்டிருந்த இன்னொரு வாசனை. ஒரு ஈ எங்கிருந்தோ வந்து கோடு கோடான வெளிச்சத்தை ஒவ்வொன்றாகத் தாண்டி, செரானஸின் நெற்றியில் இறங்கி, நடந்து, பட்டைத் துணியின் ஓரத்தில் நின்றது. பிறகு சட்டென்று பறந்துபோய்விட்டது, யாரோ ஊதிவிட்ட மாதிரி.

காற்று என்று நினைத்துக்கொண்டான். சன்னல் சாத்தியிருந்தது.

பழகிப் பார்க்கலாம் என்று உதட்டுக்குள்ளேயே, சத்தம் வராமல், "காய்ச்சலா இருக்குப்பா" என்று சொல்லிப் பார்த்தான். முதலில் செருமல் வேண்டும். அந்த "க்ஹம்" இல்லாமல் செரானஸ் இல்லை. தொண்டையைத் தயார் செய்தான்.

"க்ஹம்."

டாமா உறைந்து போனான். தொண்டை தயாராகத்தான் இருந்தது. அதிலிருந்து இன்னும் எதுவும் கிளம்பவில்லை.

வெகுநேரம் அவன் திரும்பவில்லை. திரும்பினபோது பட்டை அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது, வாய் பழையபடி திறந்திருந்தது. பிணத்துக்குள் அடைபட்ட காற்று, வெயில் நாளில் இப்படித்தான் வெளியேறும், கப்பலில் செத்தவர்களிடம் கேட்டிருக்கிறான். கேட்டிருக்கிறானா? அப்படித்தான் இருக்க வேண்டும். பட்டையை எடுத்து மறுபடி கட்டினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. முடிச்சின் மேல் முடிச்சு. விரல் நுழையாத அளவுக்கு இறுக்கினான். தாடை எலும்பு கட்டையாக விறைத்திருந்தது, அவன் தூக்கத் தூக்க அது கீழே தள்ளியது.

குளியல் மணி அடித்தது.

வாசலில் செருப்புச் சத்தம். பான்சாவின் செருப்பு, இடது கால் கொஞ்சம் இழுக்கும். பிலெரோவின் பணிவான முணுமுணுப்பு. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் வந்து நின்றது.

"என்னப்பா செரானஸ்! இன்னும் படுக்கையா? உன் அழுக்குல பாதியாவது இன்னைக்குக் கரையட்டும், வா."

டாமா கண்ணை மூடினான். செருமினான். இந்தத் தடவை அவனுடைய செருமல்தான், நன்றாகத் தெரிந்தது. "க்ஹம். கிட்ட வராதப்பா. காய்ச்சல். கொதிக்குது."

"அடடா. என் வைத்தியனை அனுப்பட்டுமா? சாகடிச்சாலும் மரியாதையாச் சாகடிப்பான்."

"வேணாம். தூங்கினாச் சரியாயிடும்."

"சரி சரி. நாளைக்கு வழக்கு இருக்கு, உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நினைப்பிருக்கா? குரல் கொஞ்சம் கம்மியிருக்கு. தேன் குடி." நிழல் நகர்ந்தது. இடது கால் இழுபடுகிற சத்தம். ஒரு அடி. இரண்டு அடி.

முடிந்தது. டாமாவுக்கு அழுகை வந்தது. ஃபூஸ்காவின் வயிற்றில் உதைத்த அந்தக் குட்டிப் பாதம் உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

"பான்சா."

செருப்பு நின்றது.

"போகாத."

டாமா தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். மூடியிருந்தது.

"என்னப்பா?" பான்சா திரும்பி வந்தார்.

"மத்தியானம் கூப்பிட்டேன்."

"யாரை?"

"எல்லாரையும். மூணு தடவை."

அதே குரல். பிசிறு இருந்தது அதில். டாமா இரண்டு கைகளையும் வாயில் பொத்திக்கொண்டான். ஒன்றின் மேல் ஒன்று. மூக்கால் மூச்சு விட்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கக் கூடாது. திரைக்கு வெளியே பிலெரோ அவசரமாகக் குறுக்கிட்டான், "காய்ச்சல்ல பிதற்றுறாருங்க, நீங்க கிளம்புங்க ஐயா." அந்தக் குரலில் டாமா மேல் கொலைவெறி இருந்தது. சொன்ன நாலு வார்த்தையோடு நிறுத்தாமல் நாயே என்ன பேசுகிறாய் என்ற கோபம். பிலெரோவுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை.

"எல்லாரும் வீட்டுலதான் இருந்தாங்களா?" என்றார் பான்சா மெதுவாக. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய ஆள். சிரிப்பு போய்விட்டது.

"நீயே கேளு."

"க்ஹம்."

"க்ரோகஸ்" என்றது அந்தக் குரல்.

வாசல் கதவடியிலிருந்து காவல்காரனின் குரல் பளிச்சென்று வந்தது. "இருக்கேன் ஐயா!" ஒத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள் இல்லையா, அவன் ஒத்துப்போனான். அழகாக நடித்துவிட்ட பெருமை அதில் தெரிந்தது.

"ஆக்டே."

மாடியிலிருந்து துவைக்கிறவள். "இருக்கேன் ஐயா!"

வேண்டாம் என்று டாமா கத்த நினைத்தான். கையை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் உள்ளேயிருந்து என்ன வரும்? எடுக்கவில்லை. பற்கள் உள்ளங்கையில் இறங்கின. பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. கிணற்றடி. தோட்டம். தீவனக் கொட்டில். ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு குரல், சின்னப் பிள்ளைகளின் குரல்கூட. இருக்கேன் ஐயா. இருக்கேன் ஐயா. இத்தனை பேரும் இதே கூரைக்குக் கீழே, இதே கூப்பிடு தூரத்தில், கேட்கிற காதோடு இருந்தோம் என்று.

"பிலெரோ."

திரைக்கு வெளியே கிழவன் அந்த நொடியில் புரிந்துகொண்டான் போல. ஆனால் முப்பது வருடப் பழக்கம் அவன் அறிவை விட வேகமானது. "இருக்கேன்..." என்று அவன் நாக்கு சொல்லிவிட்டது. பிறகு கூஜா கல்லில் விழுந்து உடைகிற சத்தம்.

"கெட்டா."

வீடு பதில் சொல்லவில்லை. தொட்டியில் தண்ணீர் சொட்டியது.

"ஃபூஸ்கா."

வேண்டாம். வேண்டாம்டி.

அடுக்களையிலிருந்து, புகைக்கு இடையில், மூச்சு வாங்க, கொஞ்சம் சிரிப்போடு கூட. அவன் நன்றாகச் செய்கிறான் என்று நம்பி. "இருக்கேன் ஐயா!"

பான்சா திரையை விலக்கினார்.

வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. பான்சாவின் பார்வை முதலில் தரையில் விழுந்தது: கன்னம் வீங்க இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் வழிய உட்கார்ந்திருக்கும் அடிமை. பிறகு கட்டிலுக்கு உயர்ந்தது. டாமாவும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். பட்டை அப்படியே இருந்தது. இரண்டு சுற்று. முடிச்சின் மேல் முடிச்சு. உதடுகள் நீலமாக ஒட்டியிருந்தன, ஒரு மயிரிழைகூடத் திறக்கவில்லை. கீழுதட்டில் அந்த வெள்ளை இறகு மட்டும் இப்போது ஆடிக்கொண்டிருந்தது.

"டாமா" என்றது எசமானின் குரல்.

டாமா கையை எடுக்கவில்லை. எலும்பு வரை கடித்தான். சொல்ல மாட்டேன். நான் சொல்ல மாட்டேன்.

இறகு ஆடியது. கட்டப்பட்ட அந்த வாய்க்குள்ளிருந்து, கொஞ்சமும் பிசகாமல், ஏழு வருடமாக இந்த வீடு கேட்டுப் பழகிய டாமாவின் சொந்தக் குரல் பதில் சொன்னது.

"இருக்கேன் ஐயா. எனக்குக் கேட்டுச்சு."